கொசுறாக வந்த ஆறு

ரொம்ப நாளைக்கு முன்னால் நடந்தது இது. எவ்வளவு நாளைக்கு முன்னால் என்று என்னைக் கேட்காதீர்கள்; நாளை எண்ணக் கற்றுக்கொண்டவரே அப்போது பிறக்கவில்லை. மலைகள் பேச்சை நிறுத்திவிட்டன, மரங்கள் பாதி நிறுத்திவிட்டன, செடிகொடிகள் மட்டும் இன்னும் நிறுத்தாமல் வளவளத்துக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு. நாட்டின் நடுவே குமிழாறு என்று ஓர் ஆறு. ஆற்றங்கரையில் அரண்மனை. அரண்மனையில் மணிகேது என்று ஓர் அரசர். அவருக்கு யானை இருந்தது, சேனை இருந்தது, தங்கத்தில் ஊஞ்சல்கூட இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மீசை.

என்ன செய்தும் முளைக்கவில்லை. கரடி நெய் தடவிப் பார்த்தார், கரிசலாங்கண்ணி தடவிப் பார்த்தார், யாரோ சொன்னார்கள் என்று ஆட்டுப்பால்கூடத் தடவிப் பார்த்தார். ஈ மொய்த்ததுதான் மிச்சம்.

இது கரட்டுமலை உச்சியில் இருந்த சுழிமாயன் என்ற மந்திரவாதியின் காதுக்குப் போயிற்று. அவன் எலும்பும் தோலுமாய் இருப்பான். இடுப்பில் எப்போதும் ஒரு தராசு தொங்கும். வாயைத் திறந்தால் ஒரே பாட்டு:

"அளந்து கொடுப்பேன், அளந்து வாங்குவேன், குன்றிமணி எடைகூட விடமாட்டேன்!"

நேரே அரண்மனைக்கு வந்தான். "மன்னா, காதுவரை போய்த் திரும்பி வருகிற மீசை தருகிறேன். பதிலுக்கு, உங்கள் ஊரில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எனக்குக் கொடுங்கள்" என்றான்.

சும்மா ஓடுவது என்றதும் அரசருக்குத் தெருநாய்கள் ஞாபகம் வந்தன. "ஒன்று என்னய்யா, பத்தாகவே பிடித்துக்கொண்டு போ!" என்றார்.

"ஒன்று போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான் சுழிமாயன்.

மறுநாள் காலையில் அரசர் கண்ணாடியைப் பார்த்தார். அடேயப்பா, என்ன மீசை! ஆட்டுக்கடா கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அதே நேரத்தில், துணி துவைக்கப் போனவர்கள் துவைக்கிற கல்லைக் கண்டார்கள், ஆற்றைக் காணவில்லை. குமிழாறு இருந்த இடத்தில் வெறும் மணல்.

அரசர் பதறிப்போய் மலைக்கு ஆள் அனுப்பினார். மீசையைத் திருப்பித் தருகிறேன், மேலே பொன்னும் தருகிறேன் என்று கெஞ்சினார். சுழிமாயன் தராசைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"விற்கவும் மாட்டேன், திருடவும் விடமாட்டேன். நானே என் கையால் சும்மா எடுத்துக் கொடுத்தால்தான் ஆறு திரும்பும். சுழிமாயன் என்றைக்காவது, யாருக்காவது, எதையாவது சும்மா கொடுத்தது உண்டா?"

உண்டா? இல்லையே! போனவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இப்போது பவளாயியிடம் வருவோம். இந்தக் கதை அவளுடையது. அரசர் மீசையால் கொஞ்சம் தாமதம் ஆகிவிட்டது.

பவளாயி, ஆற்றுத்துறைச் சத்திரத்தில் சமையல்காரி. அவள் புருஷன் செங்கோடன் அந்தத் துறையில் ஓடக்காரன். ஆறு காணாமல் போனதும் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள், அவன் உட்காரவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"எங்க மாமா போறே?" என்றாள் பவளாயி.

"மலைக்குத்தான். அரசர் கேட்டுக் கொடுக்கல. ஓடக்காரன் கேட்டா மனசு இளகாதா? போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடு. உனக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் கொழம்பு வெச்சிருப்பேன்."

கொழம்பு ஆறிப்போயிற்று. அவன் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. மணலில் சாய்ந்து கிடந்த அவன் ஓடத்தை மட்டும் பவளாயி தினமும் துடைத்து வைத்தாள்.

ஊர் காய்ந்தது. அரண்மனைக் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் வீட்டுக்கு ஒரு குடம் என்று ஆயிற்று. வயலில் ஒன்றும் விளையவில்லை. ஆனால் அதிசயம் பாருங்கள், கோட்டைவாசல் நாச்சாயி காய்கடைக்கு மட்டும் தினமும் காய் வந்து இறங்கியது. கரட்டுமலைப் பக்கமிருந்து ஒற்றை மாட்டு வண்டி வரும். வண்டியோட்டி கிடையாது. ஒரு வெள்ளை மாடு தானாக இழுத்துக்கொண்டு வரும். நாச்சாயி கூடைகளை இறக்கிக்கொண்டு, விலையை வண்டியிலிருக்கும் பெட்டியில் போடுவாள். மாடு தானாகத் திரும்பிப் போய்விடும். ஆற்றைத் திருடி வைத்துக்கொண்டு, அந்த ஈரத்தில் காய் விளைவித்து, ஆற்றுக்குச் சொந்தக்காரர்களுக்கே விற்கிறவன் யார் என்று உங்களுக்குத் தெரிகிறது. ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? பசிக்கிறதே!

நாச்சாயி நல்லவள், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பவளாயிக்கும் வாய் குறைச்சல் இல்லை. கொசுறு வாங்காமல் அவள் கூடையைத் தூக்கியதே கிடையாது. கொசுறு இல்லாமல் காய் வாங்கினால் அவளுக்குக் காய் வாங்கிய மாதிரியே இருக்காது.

"நாச்சாயக்கா, ஒரு கொத்துக் கருவேப்பில போடு."

"போட்டேனே!"

"அது கருவேப்பிலையா? காம்பு. எல போடுக்கா."

"உன்கிட்ட யாவாரம் பண்றதுக்கு நான் சாமியாராப் போயிடலாம்டி."

"போறதுன்னா போ. போறதுக்கு முன்னாடி ரெண்டு பச்சமொளகா போட்டுட்டுப் போ."

இப்படிப் பிடுங்கிக்கொண்டு வருகிறவள், கடை வாசலில் நிற்கிற அந்த வெள்ளை மாட்டிடம் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். மாட்டின் விலா எலும்பு தெரியும். கழுத்தில் நுகத்தடிப் புண். தன் குடத்துத் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துவந்து அதன் வாயருகே வைப்பாள். கூடவே பூசணித்தோல் கொஞ்சம். "குடி சாமி. இது உனக்குக் கொசுறு" என்பாள். மாடு குடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதன் கண்ணில் நீர் நிற்கும். புண் வலிக்கிறது போல என்று பவளாயி நினைத்துக்கொள்வாள்.

அந்த மாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒருநாள் ஊருக்குள் தண்டோரா போட்டார்கள். அரண்மனைக் கிணறும் வற்றுகிறது. வருகிற பௌர்ணமிக்குள் எல்லோரும் ஊரைக் காலி செய்துகொண்டு கடற்கரை நாட்டுக்குப் போக வேண்டும் என்று அரசர் ஆணை. ஊரே மூட்டை கட்டியது. பவளாயிக்கு மட்டும் கை ஓடவில்லை. ஊரே இல்லாமல் போனால் மாமா எந்த ஊருக்குத் திரும்பி வருவார்? வந்து யாரைத் தேடுவார்? அவள் ஓடத்தின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அழுதாலும் சத்திரத்தில் உலை வைக்க வேண்டுமே. மறுநாளும் கூடையை எடுத்துக்கொண்டு காய்கடைக்குப் போனாள். புடலங்காய் எடுத்தாள். ஒரு புடலங்காய் மட்டும் கைக்குக் கனமாக, சில்லென்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் அது புடலங்காயே இல்லை. விரல் தடிமனில் மடல் மடலாக, ஓரமெல்லாம் குட்டி முள்ளோடு, ஒரு சோற்றுக்கற்றாழை!

"என்னக்கா, காய்கடையில கத்தாழ விக்கிறே?"

"நான் எங்கடி வித்தேன்? கூடையில கெடந்துச்சா? அத எடபோட்டு வாங்கலயே நானு." நாச்சாயி புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கொண்டுபோ. இன்னிக்கி உனக்கு இதான் கொசுறு. கருவேப்பில கேக்காதே."

பவளாயி கேட்கத்தான் செய்தாள். கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

கற்றாழையைச் சத்திரத்து வாசல்நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். கண்ணேறு படாமல் இருக்க எல்லா வீட்டிலும் கட்டுவதுதானே. கட்டின உடனே உள்ளே குளுகுளு என்று காற்று வீசியது. அனல் பறக்கிற மத்தியானத்தில், ஆற்றங்கரை விடியற்காலை மாதிரி ஒரு குளிர்ச்சி. வழிப்போக்கர்கள் எழுந்து போகவே மாட்டேன் என்றார்கள். பவளாயி கற்றாழையை அண்ணாந்து பார்த்து, "நீ யாரோ, நல்லா இரு" என்று கும்பிட்டாள்.

அடுத்த நாள் முருங்கைக்காய் வாங்கினாள். சத்திரத்தில் கட்டைப் பிரித்தால், காய்களுக்கு நடுவே ஒரு பிரண்டை! நாலு பட்டையும் கணுவுக்குக் கணு ஒரு திருப்பமுமாக, பச்சைப்பசேல் என்று இருந்தது. அவள் சமையல்காரி இல்லையா, கை சும்மா இருக்குமா? அரிக்காமல் இருக்கக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டாள். புளி எடுத்தாள், மிளகாய் வறுத்தாள், நார் எடுக்க நகத்தை வைத்தாள்.

"ஐயையோ, என்னைத் துவையல் பண்ணிடாதேம்மா!" என்றது பிரண்டை.

பவளாயி மிளகாயைக் கீழே போட்டாள்.

"பயப்படாதே. நான் குமிழாற்றோட வழி. எந்தப் பாறையில திரும்பணும், எந்த வயலுக்குப் பிரியணும், எல்லாம் என் கணுவுல இருக்கு. உன் வாசல்ல தொங்குது பாரு கத்தாழ, அது ஆத்தோட குளிர்ச்சி."

"ஆத்த எதுக்குச் செடியில அடைச்சான்?"

"மொதல்ல பானையில அடைச்சான், பானை வெடிச்சுது. தோல்பையில அடைச்சான், பை கிழிஞ்சுது. தண்ணிய வாங்கி வெச்சுக்கிட்டு வாயத் தொறக்காம இருக்கறது எங்க சாதிச் செடிங்கதானே? அதனால எங்களப் புடிச்சான். குளிர்ச்சிய கத்தாழயில வெச்சான், வழிய என்கிட்ட வெச்சான், தண்ணிய ரணகள்ளியோட ஒத்த எலையில வெச்சான். அந்த எலையும் வந்துட்டா ஆறு வந்துடும்."

பவளாயிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓடிப்போய்த் தன் குடத்தைக் கொண்டுவந்து பிரண்டையின் மேல் சாய்க்கப் போனாள்.

"அட, எனக்கெதுக்குத் தண்ணி? அழுகிப்போயிடுவேன்!" என்று கத்தியது பிரண்டை. "அத அந்த மாட்டுக்குக் குடு. நாங்க இங்க வந்ததுக்கு நீ நன்றி சொல்லணும்னா அதுக்குச் சொல்லு."

ஏன் என்று பவளாயி கேட்டாள். சொல்லக்கூடாது என்று மந்திரக்கட்டு இருக்கிறது என்று பிரண்டை வாயை மூடிக்கொண்டது. செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுத்தது: "குளிர்ச்சிய நட்டுவை. வழியப் படர விடு. தண்ணியக் கட்டித் தொங்கவிடு."

அன்று சாயங்காலமே ஆற்றுத்துறை மணலில் கற்றாழையை நட்டாள். பக்கத்தில் பிரண்டையை ஊன்றினாள். அது மணலில் வளைந்து வளைந்து கிழக்கே ஓட ஆரம்பித்தது.

மலையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா? சுழிமாயன் தோட்டத்தில் கற்றாழைத் தொட்டி காலி, பிரண்டைத் தொட்டி காலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் திருடன் வந்த தடம் இல்லை. "அந்தக் காய்கடையில்தான் ஏதோ நடக்கிறது. நானே போய் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று பல்லைக் கடித்தான். மீதமிருந்த ஒற்றை இலையைத் தனியாக விட்டுப்போகவும் பயம். எடுத்துப்போய் எங்கே ஒளிப்பது?

யோசித்தான். வண்டியில் திரும்பி வருகிற விலைப்பெட்டியை அவன் தினமும் பார்ப்பவன். கத்தரிக்காய் விற்றது, அவரைக்காய் விற்றது, பூசணி விற்றது. கருவேப்பிலை மட்டும் ஒருநாள்கூட விலைக்குப் போனதே இல்லை. "ஆகா! இந்த ஊரில் யாருமே கருவேப்பிலை வாங்குவதில்லை! இதைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்று கருவேப்பிலைக் கட்டின் அடியில் ஆற்றை ஒளித்து வைத்தான்.

சிரிக்கிறீர்கள்! நம் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் கொசுறு கொடுத்ததும் இல்லை, கொசுறு வாங்கினதும் இல்லை, பாவம்.

வண்டியோடு கடைக்கு வந்தான். நாச்சாயி "யாரய்யா நீ?" என்று கேட்டு முடிப்பதற்குள் விரலைச் சொடுக்கினான். நாச்சாயி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெரிய பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது. அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு, அவளுடைய தம்பி என்று சொல்லிக் கடையில் அமர்ந்தான்.

பவளாயி வந்தாள். முதலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள், பூசணித்தோல் கொடுத்தாள். அதன் நெற்றியில் கை வைத்து, "செடி ரெண்டும் உன்னாலதான் வந்துச்சாமே. எப்படின்னு தெரியல. மகராசனா இருப்பே" என்றாள். மாடு அவள் கையில் முகத்தைத் தேய்த்தது.

பிறகு கடைக்குப் போனாள். கத்தரிக்காய் பொறுக்கினாள். சுழிமாயன் தராசைப் பிடித்தான். முள் நடுவே நின்றது. குன்றிமணி எடைகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

"எடுத்துக்கோ" என்றான்.

"கொசுறு?"

"என்ன சுறு?"

"கொசுறுங்க. ஒரு கொத்துக் கருவேப்பில."

"காசு கொடு, தருகிறேன்."

கடையில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பவளாயி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனுங்க, கருவேப்பிலைக்குக் காசு கேக்கற கடைய இந்த ஊர்ல பாத்திருக்கீங்களா? மூட்ட கட்டிட்டுப் போற நேரத்துல இந்தக் கொடுமையையும் பாக்கணுமா?"

"அளந்து கொடுப்பேன், அளந்து வாங்குவேன், குன்றிமணி எடைகூட..."

"குன்றிமணிய யாரு கேட்டா? கருவேப்பில கேட்டேன்!"

ஒருத்தி தன் அவரைக்காயைத் திரும்பக் கொட்டினாள். இன்னொருத்தி வெண்டைக்காயைக் கொட்டினாள். "கொசுறு இல்லாத கடையில எங்களுக்கு என்ன வேல? வாங்கடி போலாம்" என்றாள் மூன்றாமவள். "நாச்சாயக்கா எங்க? அவள வரச்சொல்லு!" என்று ஒரு குரல் எழுந்தது. பரங்கிக்காய் லேசாக ஆடியது. சுழிமாயன் தலைப்பாகையை இழுத்து இறுக்கிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் போனால் தலைப்பாகையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். செடித் திருடனையும் கண்டுபிடிக்க முடியாது.

அவன் பெண்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வெள்ளை மாடு மெல்லத் தலையை நீட்டியது. மூக்கால் கருவேப்பிலைக் கட்டை ஒரு நெம்பு நெம்பியது. கட்டு தலைகீழாகப் புரண்டது. அடி மேலே வந்தது.

"இந்தக் கட்டையில் போகிற கருவேப்பிலைக்கா இத்தனை கூச்சல்?" என்று சீறினான் சுழிமாயன். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை விட்டு, மேலே இருந்ததில் ஒரு பிடி அள்ளிப் பவளாயி கூடையில் வீசினான். "இந்தா! காசும் வேண்டாம் கீசும் வேண்டாம். சும்மாவே எடுத்துக்கொண்டு தொலை!"

பவளாயி கூடைக்குள் பார்த்தாள். கருவேப்பிலைக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில், தடித்து, ஓரமெல்லாம் பல் பல்லாக ஓர் இலை. தொட்டால் உள்ளே அலையடித்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டம் எடுத்தாள்.

நன்றி என்ற சொல்லை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அது என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கட்டைப் பார்த்தான். அடி மேலே இருந்தது. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு தராசும் கையுமாகத் துரத்தினான். வழியை மறித்துக்கொண்டு வண்டியும் மாடுமாக நின்றது. சாட்டையை எடுத்து அடித்தான், மாடு நகரவில்லை. மறுபடி அடித்தான், முட்டி போட்டது, நகரவில்லை. வண்டியின் மேல் ஏறித் தாண்டிக் குதித்து ஓடினான்.

அதற்குள் பவளாயி மணலைக் கடந்து ஆற்றுத்துறைக்கு வந்துவிட்டாள். செங்கோடனின் ஓடம் கட்டுகிற முளைக்கம்பு அங்கே நின்றது. சேலைத் தலைப்பில் நூலை உருவி, இலையின் காம்பில் முடிந்து, கம்பில் கட்டித் தொங்கவிட்டாள். அந்தச் செடிக்கு நம் ஊரில் என்ன பெயர் சொல்வார்கள் தெரியுமா? கட்டிப்போட்டால் குட்டிபோடும்! ஒற்றை இலையைச் சும்மா நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும், மண்ணும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், ஓரத்தில் பல் பல்லாகக் குட்டிச் செடி கிளம்பும்.

இலை கிளம்பியது. ஒரு குட்டி முளைத்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு. அடுத்த குட்டி முளைத்தது, இன்னொரு சொட்டு. இலை முழுக்கக் குட்டிகள் முளைத்தன. சொட்டு தாரையாயிற்று, தாரை ஓடையாயிற்று, கற்றாழை பக்கத்தில் நின்று குளிர்ச்சியை ஊட்டியது, பிரண்டை முன்னால் ஓடி வழி காட்டியது. ஓ என்று இரைந்துகொண்டு குமிழாறு வந்தது! சாய்ந்து கிடந்த ஓடம் எழுந்து மிதந்தது.

"திருடி! திருடி!" என்று அக்கரையில் குதித்தான் சுழிமாயன்.

"திருடலைங்க. உங்க கையால நீங்களே சும்மா குடுத்தீங்க" என்றாள் பவளாயி.

"ஆமா, நாங்க பாத்தோம்!" என்று பின்னால் ஓடிவந்த பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களுக்கு முன்னால் நாச்சாயி நின்றாள்; அவன் சும்மா கொடுத்ததுமே மந்திரம் தளர ஆரம்பித்து, முதலில் அவளை விட்டிருந்தது. அவள் மேல் இன்னும் பரங்கிப்பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "நானும் பாத்தேன். வாய்தான் இல்ல, கண்ணு இருந்துச்சு!" என்றாள்.

சுழிமாயன் இடுப்புத் தராசு படாரென்று அறுந்து ஆற்றில் விழுந்தது. அதோடு அவன் மந்திரமும் போயிற்று. நாக்கு வறண்டு, கால் தள்ளாடி, வெறும் கிழவனாய் மணலில் உட்கார்ந்தான். ஓர் ஆற்றையே வைத்திருந்தவன், செலவாகிவிடும் என்று அதில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லையாம். பவளாயிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் தாகத்தில் ஒருவனை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள்.

"குடிங்க. இதுக்கு வெல கெடையாது."

அவன் குடித்தான். பிறகு, அவள் கடையில் சொன்ன அந்தச் சொல்லைத் தட்டுத்தடுமாறி அவளிடமே திருப்பிச் சொன்னான்.

அரண்மனையில் அந்த நேரம் அரசர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். கையோடு வந்துவிட்டது. ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்ததும், "போனால் போகட்டும்!" என்று மீசையை வெளியே எறிந்துவிட்டு, மகுடத்தோடு ஓடிவந்து தண்ணீரில் குதித்தார். ஊரார் கட்டின மூட்டையெல்லாம் அவிழ்ந்தது.

இத்தனை சந்தோஷத்திலும் பவளாயி, "அந்த மாடு! அது அடிபட்டுக் கெடக்குதே!" என்று கோட்டைவாசலைப் பார்த்து ஓடினாள். சொம்பில் தண்ணீர் தளும்பியது.

வண்டி நின்றது. நுகத்தடி கீழே கிடந்தது. மாட்டைக் காணோம். நுகத்தடிக்குப் பக்கத்தில், முதுகில் சாட்டைத் தடமும் கழுத்தில் நுகப்புண்ணுமாக, ஒரு மனிதன் முட்டி போட்டு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவளாயி கையிலிருந்து சொம்பு நழுவியது. "மாமா!" என்று கத்தினாள்.

"கொழம்பு ஆறிப்போச்சா?" என்றான் செங்கோடன்.

அவள் அழுதாள், சிரித்தாள், அவன் தோளில் ஒரு குத்துக் குத்தினாள், மறுபடி அழுதாள். அவன் நடந்ததைச் சொன்னான். ஆற்றைக் கேட்கப் போனவனைச் சுழிமாயன் மாடாக்கி வண்டியில் பூட்டிவிட்டான். மாட்டுக்குப் பேச்சு ஏது? காய்க்கூடையைச் சுழிமாயன் எடைபோட்டு முடித்துத் திரும்புகிற சமயம் பார்த்து, தொட்டியிலிருந்த செடியை வாயால் கவ்விக் கூடைக்குள் போடுவான். எடைக்கு மேலே விழுந்த அதையும் சேர்த்து, தெரியாமல் தன் கையாலேயே தூக்கி வண்டியில் வைத்து அனுப்பினான் அந்தக் கஞ்சன்.

"எங்கிட்ட வந்து சேரும்னு எப்படி மாமா தெரியும்?"

"கொசுற விடாம வாங்கற ஆளு ஊர்ல நீ ஒருத்திதானே" என்று சிரித்தான் செங்கோடன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மலையில பாதி நாள் எனக்கு நான் மனுசங்கறதே மறந்துபோயிடும். கடைவாசல்ல நீ வந்து தண்ணி வெச்சாத்தான் ஞாபகம் வரும். நாந்தான்னு தெரிஞ்சு வெச்சிருந்தா அது பெரிசில்ல. ஏதோ ஒரு வாயில்லா சீவன்னு நெனச்சு, ஒரு கொடத்துல ஒரு சொம்பு வெச்சியே, அதுலதான் பவளா நான் பொழச்சுக் கெடந்தேன்."

வாயாடி வாயடைத்துப் போனது அந்த ஒருநாள்தான் என்று நாச்சாயி ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என்ன? ஓடம் ஓடியது, வயல் விளைந்தது, அரசர் மழமழ முகத்தோடு ஆண்டார். சுழிமாயன் நாச்சாயி கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆரம்பத்தில் ஒரு கொத்துக் கருவேப்பிலை எடுத்துக் கொடுக்கக் கையே வரவில்லையாம். போகப்போகப் பழகிவிட்டது, கேட்பதற்கு முன்பே போட ஆரம்பித்தான். பவளாயி மட்டும், போட்ட பிறகும், "இன்னொரு கொத்து" என்று கேட்பாள்.

கொன்றைநாட்டில் இன்றைக்கும் ஆற்றில் குடம் மொள்ளுகிறவர்கள், குடம் நிறைந்ததும் ஒரு கை நீரை அள்ளி ஆற்றுக்கே விட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள். ஆற்றுக்குக் கொசுறு.

என் கதை அவ்வளவுதான். கூடையைத் தூக்குங்கள். என்ன, நிற்கிறீர்கள்? ஓ, கொசுறா? சரி, இந்தாருங்கள்: அன்றைக்குச் சத்திரத்தில் இராத்திரிச் சாப்பாடு கத்தரிக்காய்க் கொழம்பு. கருவேப்பிலை தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க. செங்கோடன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பவளாயி நான்காவது தடவை, அவன் கேட்காமலே போட்டாள்.